வாடகை கடனா, இல்லையா? "கடனே இல்லாத" ஆஸ்பத்திரி கம்பெனியும் நம்ம ஊர் ஆலோசகர்களும்

ராணிப்பேட்டை_லெட்ஜர் | காலை 7:12

நேற்று ராத்திரி நம்ம வேலூர் முதலீட்டாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி போட்டது இது: "ஒரு ஆஸ்பத்திரி கம்பெனி, எபிட்டா ஏறிக்கிட்டே போகுது, பேங்க் கடன் ஒரு பைசா இல்லை, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." எபிட்டான்னா வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்குறதுக்கு முன்னாடி இருக்கிற லாபம். கம்பெனி பெயரை நான் இங்கே எழுதப் போறதில்லை. எழுதினா பேச்சு பெயரைச் சுத்தியே போகும்.

கீரைக்கட்டைக்கூட பிரிச்சுப் பார்த்து வாங்குற ஊர் இது. கண்ணை மூடிக்கிட்டு எதை வாங்கச் சொல்றீங்க?

தோல் கம்பெனியில 31 வருஷம் கணக்கு எழுதினவன் நான். அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையைக் குறிப்புகளோட சேர்த்துப் படிச்சேன். ஆஸ்பத்திரிகள் பாதிக்கு மேல வாடகைக் கட்டடத்துல நடக்குது. 15 வருஷம், 20 வருஷம்னு ஒப்பந்தம். 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 116 என்கிற கணக்கு விதி வந்த பிறகு அந்த வாடகை செலவுக் கணக்குல வர்றதில்லை. தேய்மானமாவும் வட்டியாவும் உடைஞ்சு, எபிட்டா கோட்டுக்குக் கீழே போயிடுது. அதனால எபிட்டா தானா உப்பும். வாடகை கொடுக்காமலா இருக்கான்? மாசாமாசம் கொடுக்கிறான்.

வாடகையும் கடன்தான். முடிஞ்சுது.

காட்பாடி_பங்குதாரர் | காலை 7:40

அந்தத் தம்பி நான்தான். குழுவிலேயே கேட்டிருக்கலாமே சார், இங்கே வந்து ஊர் கூட்டணுமா?

வாடகை கடன் இல்லை. கடன்னா பேங்க்ல வாங்கினது, வட்டியோட திருப்பித் தர வேண்டியது. வாடகை மாசச் செலவு. நான் காட்பாடியில வாடகை வீட்டுல இருக்கேன், அதுக்காக என்னைக் கடன்காரன்னு சொல்லுவீங்களா? பேங்க் கடன் இல்லைன்னு எழுதினேன், அது உண்மை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க "கட்டாயம் விக்கணும்"னு சொன்ன மருந்துப் பங்கு இன்னைக்கு என்ன விலைன்னு முதல்ல பாருங்க.

ராணிப்பேட்டை_லெட்ஜர் | காலை 8:05

வீட்டு வாடகையை ஒரு மாச நோட்டீஸ்ல காலி பண்ணுவீங்க. 200 படுக்கை ஆஸ்பத்திரியைக் காலி பண்ண முடியுமா? ஆபரேஷன் தியேட்டர், ஆக்ஸிஜன் குழாய், எம்ஆர்ஐ, ரேடியேஷன் மெஷினுக்குன்னு கட்டின கான்கிரீட் சுவர் எல்லாத்தையும் மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போவானா? போக முடியாத இடத்துக்குக் கொடுக்கிற வாடகை, கட்டியே தீர வேண்டிய பணம். அதுக்குப் பெயர் கடன்.

கணக்கு போட்டுக் காட்டுறேன். வருஷத்துக்கு 10 கோடி வாடகை, 15 வருஷம், 9 சதவீத வட்டின்னு வச்சுக்குங்க. அந்த 15 வருஷ வாடகை மொத்தத்துக்கும் இன்றைய மதிப்பு சுமார் 80 கோடி. அது குத்தகைப் பொறுப்புன்னு இருப்புநிலைக் குறிப்புல, அதாவது பேலன்ஸ் ஷீட்ல உட்காரும். பேங்க் கடன் வரிசையில வராது, தனி வரிசை. அதனாலதான் உங்க கண்ணுல படலை. முதல் வருஷம் வட்டி 7.25 கோடி, தேய்மானம் 5.37 கோடி. பழைய முறையில எபிட்டாவுல 10 கோடி கழிஞ்சிருக்கும். இப்போ ஒரு ரூபாய் கழியாது.

பணவரவு அறிக்கையிலயும் இதே கதைதான். இயக்கப் பணவரவுல அந்த வாடகை இருக்காது, கீழே நிதிப் பகுதிக்குப் போய் ஒளிஞ்சுக்கும்.

மருந்துப் பங்கு பேச்சு இங்கே எதுக்கு?

பாபுராவ்தெரு_லாட்ஜ் | காலை 8:31

வாடகைன்னதும் நானும் சொல்லணும். எங்க குடும்பம் மூணு தலைமுறையா வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிகளுக்கு ரூம் விடுறோம். மேற்கு வங்காளம், அசாம், திரிபுரான்னு எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. வாடகை வாங்குறவன் பாடு உங்களுக்குத் தெரியாது. கட்டடம் கொடுத்தவனை ஏதோ வட்டிக்குக் கடன் கொடுத்தவன் மாதிரி பேசுறது எனக்குப் பிடிக்கலை. எல்லா ஒப்பந்தமும் 11 மாசம்தான் போடுறாங்க. 11 மாச ஒப்பந்தம் எப்படி 15 வருஷக் கடன் ஆகும்?

ராணிப்பேட்டை_லெட்ஜர் | காலை 8:50

அண்ணா, உங்களை யாரும் குறை சொல்லலை. 11 மாசம் போடுறது பதிவுச் செலவைத் தவிர்க்க. ஒரு வருஷத்துக்கு மேல போனா பதிவு பண்ணணும். விதியிலயும் 12 மாசம் வரைக்கும் உள்ள குத்தகைக்கு விலக்கு இருக்குது. ஆனா புதுப்பிக்கப் போறது நிச்சயம்னா அந்தக் காலத்தையும் சேர்த்துத்தான் எண்ணணும். ஆஸ்பத்திரி புதுப்பிக்காம எங்கே போகும்?

வாடகையும் கடன்தான்.

பில்லிங்_மீனா | காலை 9:20

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பில்லிங் செக்‌ஷன்ல ஒன்பது வருஷம் இருந்தேன், பெயர் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் வாடகையையே பிடிச்சுத் தொங்குறீங்க. எங்க உயிரை எடுத்தது வரவேண்டிய பாக்கி. முதலமைச்சர் காப்பீடு, முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் திட்டம், தனியார் இன்சூரன்ஸ் எல்லாம் கடனுக்கு சிகிச்சை. கம்மவான்பேட்டை பக்கமிருந்து முன்னாள் ராணுவத்தினர் வருவாங்க. சிகிச்சை முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போய் மாசக்கணக்கு ஆகும், பில் இன்னும் "பரிசீலனையில்"னே நிக்கும். கேள்வி மேல கேள்வி வரும், கடைசியில கொஞ்சம் கழிச்சுக்கிட்டுத்தான் அனுப்புவாங்க. வருமானம் அன்னைக்கே புத்தகத்துல ஏறிடுது, பணம் வர்றதில்லை. ரெண்டு தடவை சம்பளம் எங்களுக்கு 20 தேதிக்கு மேலதான் வந்துச்சு.

ஒரு கம்பெனி ஆரோக்கியமா இருக்குதான்னு பார்க்க, விற்பனையை விட வசூல் பாக்கி வேகமா ஏறுதான்னு பாருங்க. படுக்கை எவ்வளவு நிரம்புது, நிரம்பின படுக்கைக்கு சராசரி வருமானம் என்ன, நோயாளி எத்தனை நாள் தங்குறார், இதெல்லாம் பாருங்க. முதல்ல கடன்னா என்னன்னு ரெண்டு பேரும் ஒரே அர்த்தத்துல பேசுறீங்களான்னு சொல்லுங்க.

காட்பாடி_பங்குதாரர் | காலை 9:33

மீனா அக்கா, பாக்கி விஷயம் அப்புறம் பேசலாம். சார் முதல்ல இதுக்குப் பதில் சொல்லட்டும். நிறைய ஆஸ்பத்திரிகள் கட்டடக்காரருக்கு வருமானத்துல பங்கு கொடுக்குது. வருமானம் வந்தா கொடுப்பான், வரலைன்னா குறையும். அந்த மாறும் வாடகை குத்தகைப் பொறுப்புல வராது, உங்க இண்ட் ஏஎஸ் 116 அப்படித்தான் சொல்லுது. அது எபிட்டாவுலயும் ஒழுங்கா கழியுது. அப்போ எல்லா வாடகையும் கடன்னு எப்படி எழுதுறீங்க? 31 வருஷ அனுபவத்துல இது வரலையா?

ராணிப்பேட்டை_லெட்ஜர் | காலை 10:02

வந்துச்சு தம்பி. நீங்க பிறக்குறதுக்கு முன்னாடியே வந்துச்சு. வருமானப் பங்குன்னு மேலே எழுதி, கீழே "குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை"ன்னு ஒரு வரி இருந்தா அந்தக் குறைந்தபட்சம் பொறுப்புல வரும். அந்த வரியைப் படிச்சீங்களா? எந்தப் பக்கம்னு சொல்லுங்க.

வாடகை என்ன பண்ணும்னு உலகமே பார்த்துச்சு. அமெரிக்காவுல ஸ்டூவர்ட் ஹெல்த் கேர்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி குழுமம். 2016ல தன்னோட ஆஸ்பத்திரிக் கட்டடங்களை 125 கோடி டாலருக்கு மெடிக்கல் பிராப்பர்ட்டீஸ் டிரஸ்ட்டுங்கிற கட்டட முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துட்டு, அதே கட்டடத்துல வாடகைக்கு உட்கார்ந்துச்சு. வித்த பணம் கைக்கு வந்தப்போ சந்தோஷம். வாடகை மட்டும் நிக்கவே இல்லை. 2024 மே மாசம் திவால் மனு.

நம்ம நாட்டுல ஃபோர்ட்டிஸ் ஆஸ்பத்திரி குழுமம். கட்டடங்களை ரெலிகேர் ஹெல்த் டிரஸ்ட்டுங்கிற தனி டிரஸ்ட்டுக்கு மாத்தி, அதை 2012ல சிங்கப்பூர் சந்தையில பட்டியல் போட்டாங்க. அதுக்குக் கட்டணம் கட்டிக்கட்டி, கடைசியில 2019 ஜனவரியில சுமார் 4,650 கோடி ரூபாய்க்கு அதே சொத்துகளைத் திரும்ப வாங்கினாங்க. சொந்த வீட்டை வித்து, அதே வீட்டுல குடியிருந்து, அதே வீட்டைத் திரும்ப வாங்கின கதை. இதுக்கு மேலயும் வாடகை வெறும் மாசச் செலவுதானா?

காட்பாடி_பங்குதாரர் | காலை 10:25

ஃபோர்ட்டிஸ்ல பிரச்னை முதலாளிகள் கம்பெனிப் பணத்தை வெளியே எடுத்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி உத்தரவே போட்டுச்சு. அதை வாடகை தலையில கட்டாதீங்க. பெரிய வீழ்ச்சின்னா அமீரகத்து ஆஸ்பத்திரி கம்பெனி என்எம்சி ஹெல்த். 2019 டிசம்பர்ல, கம்பெனிக் கணக்குகளைத் தோண்டுற மட்டி வாட்டர்ஸ் நிறுவனத்தோட அறிக்கை வந்துச்சு. 210 கோடி டாலர் கடன்னு சொல்லிக்கிட்டிருந்த கம்பெனி, 2020 மார்ச்ல 660 கோடி டாலர் இருக்கும்னு ஒத்துக்கிச்சு. ஏப்ரல்ல கோர்ட் நியமிச்ச நிர்வாகி கைக்குப் போயிடுச்சு. அங்கே மறைச்சது வாங்கின கடன் சார், வாடகை இல்லை. நிஜக் கடன்தான் கொல்லும்னு இதுலயே தெரியுது.

ராணிப்பேட்டை_லெட்ஜர் | காலை 10:31

மறைஞ்சிருக்கிறதுதான் கொல்லும்னு தெரியுது. உங்க கம்பெனியில மறைஞ்சிருக்கிறது வாடகை. என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்றீங்க.

பாகாயம்_பழையமாணவர் | காலை 10:58

சிஎம்சியைப் பாருங்கய்யா. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சது. பங்கு விக்கலை, லாபம் பிரிக்கலை. எபிட்டா, எபிட்டான்னு கத்தாமலே இவ்வளவு வருஷம் நிக்குது. அதுதான் ஆரோக்கியம்.

காட்பாடி_பங்குதாரர் | காலை 11:06

சிஎம்சியில பங்கு வாங்க முடியுமா சார்? முடியாது. அப்புறம் ஏன் இங்கே இழுக்குறீங்க? அப்போலோவைப் பேசுங்க. 1983ல சென்னையில 150 படுக்கையோட தொடங்கினது. அதைத் தொடங்கின பிரதாப் ரெட்டியும் நம்ம வட ஆற்காட்டுக்காரர்தான்.

பாகாயம்_பழையமாணவர் | காலை 11:15

அவர் ஊர் அரகொண்டா, அது சித்தூர் மாவட்டம். ஆந்திரா. வட ஆற்காடுன்னு எழுதாதீங்க.

பாபுராவ்தெரு_லாட்ஜ் | காலை 11:22

1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். அதுக்கப்புறம்தான் வேலூருக்கு வந்துச்சு. எங்க தாத்தா சொத்துப் பத்திரத்துல பாருங்க, வட ஆற்காடு ஜில்லான்னுதான் இருக்கும்.

பாகாயம்_பழையமாணவர் | காலை 11:27

பிரதாப் ரெட்டி பிறந்தது 1911க்கு அப்புறம். பத்திரத்தை வச்சு மனுஷனை ஊர் மாத்த முடியாது.

பில்லிங்_மீனா | காலை 11:40

நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை. அந்தக் கம்பெனியோட வசூல் பாக்கி எத்தனை நாள்? ரெண்டு பேருல யாராவது பார்த்தீங்களா?

ராணிப்பேட்டை_லெட்ஜர் | மதியம் 12:10

பாக்கி முக்கியம்தான்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா பாக்கி இன்னைக்கில்லைன்னா ஆறு மாசத்துல வரும். வாடகை 15 வருஷத்துக்கு நிக்கும். நோயாளி வந்தாலும் வரலைன்னாலும் கட்டணும். 2020ல ஊரடங்கு போட்டப்போ தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் எல்லாம் நின்னுச்சு, படுக்கை காலியாக் கிடந்துச்சு. வாடகை நின்னுச்சா? பாலாத்துல தண்ணி வராத வருஷமும் நிலவரி கட்டின குடும்பத்துல பிறந்தவன் நான். நிக்காத செலவு எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்.

தம்பி, நீங்க குழுவில எழுதினதை நம்பி ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் பிஎஃப் பணத்தைப் போடட்டுமான்னு காலையில எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அதனாலதான் இங்கே வந்தேன். பெருமைக்கு வரலை. எபிட்டாவுல இருந்து கட்டின வாடகையைக் கழிச்சு என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. அது தனி. பேங்க் கடனோட குத்தகைப் பொறுப்பையும் கூட்டி, அது வாடகை கழிக்காத எபிட்டாவுக்கு எத்தனை மடங்குன்னு போட்டுப் பாருங்க. போட்டுட்டு அதே குழுவில எழுதுங்க.

காட்பாடி_பங்குதாரர் | மதியம் 12:24

அந்த டீச்சர்கிட்ட போடுங்கன்னு நான் சொல்லலை. பேங்க் கடன் இல்லைன்னு மட்டும்தான் சொன்னேன். இப்பவும் சொல்றேன், பேங்க் கடன் இல்லை.

ராணிப்பேட்டை_லெட்ஜர் | மதியம் 12:26

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு எழுதினது யார்? வாடகையும் கடன்தான்.

காட்பாடி_பங்குதாரர் | மதியம் 12:27

அந்த மருந்துப் பங்கு விலையை இன்னும் சொல்லலை நீங்க.

பாபுராவ்தெரு_லாட்ஜ் | மதியம் 12:41

லெட்ஜர் சார், அந்த 11 மாசத்துக்கு வர்றேன். புதுப்பிக்கிறது நிச்சயம்னு யார் முடிவு பண்றது? கட்டடக்காரன் நான் மாட்டேன்னு சொன்னா?