தேர்வு வெட்டுக்கு லேசர் வரைபடம் மட்டும் போதுமா?

கேள்வி
வணக்கம். பின்லாந்தின் யோயென்ஸு நகரில் வனவியல் படிக்கிறேன். ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காட்டுக்கு வெட்டுத் திட்டம் தயாரிக்கும் பயிற்சி வேலை எனக்குத் தரப்பட்டுள்ளது. முழுவெட்டு வேண்டாம், பெரிய மரங்களை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டு காடு எப்போதும் காடாகவே நிற்கும் தேர்வு வெட்டுதான் வேண்டும் என்கிறார்கள். 2014-இல் நடைமுறைக்கு வந்த வனச்சட்டத் திருத்தப்படி இதற்குத் தடையில்லை. பின்லாந்து வன மையம் விமான லேசர் அளவீட்டிலிருந்து தயாரித்து இலவசமாகத் தரும், 16 மீட்டருக்கு 16 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட தரவைக் கணினியில் திறந்து பார்த்தேன். கட்டத்துக்குக் கட்டம் மர இனம், சராசரி உயரம், சராசரி விட்டம், கன அளவு எல்லாம் இருக்கின்றன. எங்கே, எவ்வளவு வெட்டுவது என்பதை மேசையிலிருந்தே முடிவு செய்துவிடலாமா?

பதில் 1
முடியாது என்பதே என் கருத்து. ஒரு கட்டம் 256 சதுர மீட்டர். ஒரே வயது மரங்கள் நிற்கும் காட்டில் அதன் சராசரிக்குப் பொருள் உண்டு. உங்கள் காட்டிலோ அதே கட்டத்துக்குள் 35 செ.மீ. விட்டமுள்ள நான்கு மரங்களும் கைத்தடிப் பருமனில் நாற்பது கன்றுகளும் நிற்கக்கூடும். அவற்றின் சராசரி, அங்கே இல்லாத ஒரு மரத்தையே காட்டும். அதோடு, விமானத்திலிருந்து வரும் லேசர் மேல்விதானத்தை நன்றாகப் பார்க்கிறதே தவிர, அதன் நிழலில் நிற்பவற்றை அரைகுறையாகத்தான் பார்க்கிறது. தேர்வு வெட்டில் நாளைய காடு அந்த நிழலில்தான் இருக்கிறது.

ஆகவே கன்றுகளைப் பார்க்கவே களத்துக்குப் போங்கள். கூர்நுனியோடு ஆண்டுதோறும் நீண்டு வளரும் கன்று, மேலே இடம் கிடைத்தால் எழும்பிவிடும். குடைபோல உச்சி தட்டையாகி, அடிக்கிளைகள் காய்ந்து நிற்பதை நம்பாதீர்கள். வெட்டிய பின் எஞ்சும் மரத்தண்டுகளின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்புக்குச் சட்டம் ஒரு கீழ்வரம்பு வைத்திருப்பதால், அதை நின்ற இடத்திலிருந்தே அளக்கும் ரெலாஸ்கோப் கருவியையும் மறக்க வேண்டாம். ஆஸ்திரிய வனவியலாளர் பிட்டர்லிஹ் 1948-இல் வெளியிட்ட முறைதான். இன்றும் எந்தச் செயலிக்கும் சளைத்ததல்ல.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் டிஜிட்டல் கருவிகள் உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு: எந்த மரம் என்பதைவிட, இயந்திரம் எந்த வழியாகப் போவது என்பதில்தான். நிலவுயரத் தரவிலிருந்து கணக்கிடப்படும் நிலத்தடி நீர் ஆழ வரைபடத்தைப் பாருங்கள். நீர்மட்டம் ஒரு மீட்டருக்குள் இருப்பதாகக் காட்டும் பகுதிகளில், தரை உறைந்திருந்தாலன்றித் தடம் போடாதீர்கள். ஸ்ப்ரூஸின் வேர் மேலோட்டமானது. சக்கரம் கிழித்த வேர் வழியே அழுகல் பூஞ்சை ஏறினால், நீங்கள் விட்டுவைத்த மரமே கெடும். நான்கு மீட்டர் அகலத் தடங்களை இருபது மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு தடமாகிவிடும் என்பதால், அடுத்தடுத்த வெட்டுகளுக்கும் அதே தடங்கள் உதவும்படி வரைந்து, மரம் வெட்டும் இயந்திரமான ஹார்வெஸ்டரின் திரைக்கு அனுப்புங்கள்.

வெட்டி முடிந்ததும் ஹார்வெஸ்டரின் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு தண்டின் விட்டமும் நீளமும் அதில் பதிவாகியிருக்கும். ஆனால் பல இயந்திரங்களில் பதிவாகும் இடம் மரம் நின்ற இடமல்ல, இயந்திரம் நின்ற இடம். சுவிட்சர்லாந்தின் கூவே என்ற ஊரில் 1890 முதல் வனவியலாளர் பியோலே, மரங்களின் விட்டத்தைக் கவையளவியால் மீண்டும் மீண்டும் அளந்து ஒப்பிட்டுத்தான் எவ்வளவு வெட்டலாம் என்று கண்டார். கோப்புகளைச் சேர்த்து வைத்தால் அந்தக் கணக்கில் பாதி உங்களுக்கு உழைப்பில்லாமல் கிடைக்கும்.

பதில் 3
கண்ணைப் பழக்க மார்டெலோஸ்கோப் என்ற பயிற்சித் திடல் உண்டு. பெரும்பாலும் ஒரு ஹெக்டேர். ஒவ்வொரு மரத்துக்கும் எண். டேப்லெட்டில் நீங்கள் மரங்களைத் தேர்ந்தால், மரத்தின் விலையும் உயிரின வாழிட மதிப்பும் எவ்வளவு குறைந்தன என்று அது உடனே காட்டும். இதற்கான செயலியை உருவாக்கிய ஐரோப்பிய வன நிறுவனத்தின் தலைமையகம் உங்கள் நகரிலேயே இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. இன்று காலை காட்டுக்குப் போய் வந்தேன். வரைபடத்தில் மிக அடர்த்தியாகத் தெரிந்த வடக்கு மூலையில் கன்றுகள் அத்தனையும் குடை உச்சிதான். அங்கே தேர்வு வெட்டைக் கைவிட்டு, சட்டம் அனுமதிக்கும் 0.3 ஹெக்டேருக்குள் சிறு திறப்புகளாக வெட்டி, விதை விழுந்து முளைக்க விடலாம் என்று எழுதப்போகிறேன். தெற்கில் கூர்நுனிக் கன்றுகள் நிறைய. தடங்களை அவற்றைச் சுற்றி வளைத்து வரைந்துகொண்டிருக்கிறேன்.