ஓசோன் இருந்தும் பாலிஹவுஸ் ஷீட் ஏன் கிழியுது?

கேள்வி: ஓசூர் பக்கம் ரோஜா பாலிஹவுஸ் (பாலித்தீன் ஷீட் போட்ட பசுமைக்குடில்) வெச்சிருக்கேன். புற ஊதாக் கதிரை (யூவி) ஓசோன் தடுக்குதுன்னா, யூவி தாங்குற ஷீட்டுக்கு எதுக்குங்க கூடுதல் காசு? அதுவும் பைப் படுற இடத்துலதான் முதல்ல கிழியுது.

பதில் 1: ஓசோன் எல்லாக் கதிரையும் ஒரே மாதிரி தடுக்காதுங்க. 280 நானோமீட்டருக்குக் கீழே இருக்கிற யூவி-சி தரைக்கே வராது. 280–315 யூவி-பி-யில பெரும்பகுதி மேலேயே நின்னுடும், கொஞ்சம் இறங்கும். 315–400 யூவி-ஏ-வுக்கு ஓசோன் பெரிய தடையே இல்லை. இறங்குற இந்த ரெண்டும்தான் பாலித்தீனோட மூலக்கூறுச் சங்கிலியை அறுக்குது. சாதா ஷீட் சீக்கிரமே அப்பளமா நொறுங்கும்.

பதில் 2: நம்ம அட்சரேகையில ஓசோன் மொத்தத்தையும் தரை அழுத்தத்துக்குக் கொண்டுவந்தா 3 மில்லிமீட்டர்கூட வராது. ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல, அப்போ கதிர் ஓசோனைக் கடக்குற தூரம் ரொம்பக் குறைவு. காலையில சூரியன் அடிவானத்துலேருந்து 30 டிகிரி உயரத்துல இருக்கும்போது கதிர் ஏறக்குறைய இரட்டிப்பு தூரம் ஓசோனுக்குள்ள வரணும், அதனால யூவி-பி வெகுவா குறையும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம்ங்கிறதையும் சேர்த்துக்கோங்க, உயரம் கூடினா யூவியும் கூடும்.

பதில் 3: பைப் விஷயம் சூடு. வெயில்ல காய்ஞ்ச ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் ஷீட்டை அடியிலிருந்து சுடுது. ஷீட் படுற பக்கம் வெள்ளை பெயிண்ட் அடிங்க. சாம்பல் நோய்க்கு கந்தகம் புகைச்சா ஷீட்டுல இருக்கிற யூவி தடுப்பு மருந்து செயலிழக்கும், அதையும் கவனிங்க. சிவப்பு ரோஜா இதழ் ஓரம் கருகுதுன்னா 380 நானோமீட்டர் வரைக்கும் யூவியைத் தடுக்கிற ஷீட் உதவும். தேனீ தேவைப்படுற பயிருக்கு அது வேண்டாம், தேனீ பூவைக் கண்டுபிடிக்க யூவி-ஏ வெளிச்சமும் வேணும்.