ஊரே கை தூக்கினாலும் பறிக்கக்கூடாதது: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்:

இருபது வருடத்துக்கு மேல் கிராம சபைத் தீர்மானப் புத்தகம் எழுதியவன் நான். அதில் ஒரு பக்கம் மட்டும் இன்னும் மனதை அறுக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உங்கள் அனுபவத்தையும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. எங்கள் மேல்நிலைத் தொட்டி ஊர்த்தெருவில் இருந்தது. காலனியில் ஒரே ஒரு அடிபம்பு, அதுவும் உப்புத் தண்ணீர். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல்கிணற்றுக்கு நடப்பார்கள். தொட்டியிலிருந்து காலனிக்குக் குழாய் இழுக்கக் கேட்டு மனு வந்திருந்தது. தலைவர் வாசித்ததும் முன்வரிசையில் சலசலப்பு. "நமக்கே தண்ணி பத்தல" என்றார் ஒருவர். "குழாய் எங்க தெரு வழியாத்தானே போகணும்?" என்றார் இன்னொருவர். அந்த இரண்டாவதுதான் உண்மையான காரணம். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சரி, கை தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார் தலைவர். வேண்டாம் என்று எழுந்த கைகளை எண்ணவே தேவைப்படவில்லை. காலனியிலிருந்து வந்த முப்பது பேர் மைதானத்து ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஒரு அம்மா கேட்டார்: "எங்க வீட்டுப் புள்ள குடிக்கிற தண்ணிக்கு இவங்க எதுக்குய்யா கை தூக்கணும்?" யாரும் வாய் திறக்கவில்லை.

நான் எழுதினேன்: "பொருள் விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது." முப்பது பேர் கண்ணெதிரே நிற்கும்போது ஏகமனதாக என்று எழுதியது என் கை. பழக்கத்தில் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. கையெழுத்துக்குப் புத்தகம் சுற்றி வந்தது. அந்த அம்மா மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றி எடுத்தவர், "என்ன எழுதியிருக்கு?" என்றார். படித்துக் காட்டினேன். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயருக்கு நேரே ரேகை விழவில்லை.

முதலில் எந்தச் சாலை, தெருவிளக்கு எங்கே, இதெல்லாம் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டியவை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாமா என்பதும் அந்தப் பட்டியலில் வருமா?

மதுரை வழக்கறிஞர்:

ஐயா, என் அப்பா மிசா கைதி. நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தின் கீழ் விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர். 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டதும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது நான் கைக்குழந்தை. என்ன குற்றம் என்று வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

சட்டக் கல்லூரியில் ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பைப் படித்தபோதுதான் அது எவ்வளவு பெரிய பள்ளம் என்று புரிந்தது. விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர்கள், தங்களை அடைத்தது சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைப் போடலாமா என்பது கேள்வி. போடலாம் என்று 9 உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அந்தப் பக்கம். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன்.

கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அரசியல் சட்டத்தில் 21-வது பிரிவு என்று ஒன்று இல்லாமலே இருந்திருந்தாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு பறிக்க முடியாது என்பது அவர் நிலை. அதாவது அந்த உரிமையைக் காகிதம் நமக்குத் தரவில்லை, காகிதத்துக்கு முன்பே அது இருந்தது. இதற்கு அவர் கொடுத்த விலை தலைமை நீதிபதி பதவி. அவரைத் தாண்டி இளையவருக்குப் பதவி போனதும் ராஜினாமா செய்தார்.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. 1977 மார்ச் தேர்தலில் வடக்கே இந்திரா காந்தியே தோற்றார். மக்கள் தீர்ப்பு என்று இன்றும் கொண்டாடுகிறோம். தமிழ்நாட்டிலோ அதே மக்கள் தீர்ப்பில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணி 39-இல் 34 தொகுதிகளை வென்றது. சிறையிலிருந்து வந்திருந்த அப்பா, தெருவே எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டதைப் பார்த்தார். "அவங்க விருப்பம் அது. அதுக்காக என்னைக் காரணம் சொல்லாம அடைச்சது சரின்னு ஆயிடுமா?" என்று மட்டும் கேட்பார். ஓட்டு அந்தப் பக்கம் விழுந்தாலும் இந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு நடந்தது அநியாயம்தான்.

2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. அது தவறு என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-இன் நான்கு பேரில் ஒருவர் அவருடைய தந்தை. அதைக் கேட்க அப்பா இல்லை.

உசிலம்பட்டி பக்கத்து வாத்தியார்:

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். இந்தப் பெயர்கள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1996-இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு பத்து வருடம் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளே வராது. இல்லாவிட்டால் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் முறையாக நடந்தது.

அந்தப் பத்து வருடமும் டீக்கடையில் நான் கேட்ட வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "இது ஊரோட விருப்பம் சார்." எந்த ஊர் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். அதே ஊரில்தான் அவர்களும் பிறந்தார்கள், அதே மழையில்தான் நனைந்தார்கள். ஊர் என்று சொல்லும்போது மட்டும் அவர்கள் கணக்கில் வரவில்லை. நானும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தவன்தான். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒடிசாவில் வேலை பார்த்தவன்:

மக்கள் விருப்பத்தை இப்படி எதிரி மாதிரி நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. நான் 2013-இல் ராயகடாவில் இருந்தேன். நியாம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 12 ஊர்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி வந்து உட்கார்ந்து பார்த்தார். அங்கே வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு அந்த மலை நியாம்ராஜா என்ற சாமியின் இடம். 12 ஊரும் வேண்டாம் என்றே சொன்னது. அங்கே போய்வந்த சக ஊழியர் அன்று மாலை சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே சபைதான் அவர்களுடைய உரிமையைக் காப்பாற்றியது.

மதுரை வழக்கறிஞர்:

நீங்கள் சொல்வதும் சரிதான். அங்கே அவர்கள் தங்கள் மலையைப் பற்றிப் பேசினார்கள். ஐயாவின் ஊரில் அடுத்தவர் குடத்தைப் பற்றிக் கை தூக்கினார்கள். அப்புறம் அந்தக் குழாய் வந்ததா ஐயா?

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்:

வந்தது தம்பி. காலனிக்காரர்கள் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தார்கள், ஏழெட்டு மாதத்தில் உத்தரவு வந்தது. ஆனால் குழாய் ஊர்த்தெரு வழியாகப் போகவில்லை. வயல் வரப்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது, இன்றைக்கும் அப்படித்தான். உத்தரவு வந்த அன்று ராத்திரி பழைய பக்கத்தைத் திறந்து, "ஏகமனதாக" என்பதை அடித்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்மானப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. அப்படியே வைத்து அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தேன்.