ஷிமானோவா, ஸ்ராமா? புது ரோட் பைக் எடுக்க முதல் ஒரு சந்தேகம்

கேள்வி: கோண்டாவில்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரு பழைய 8 கியர் ரோட் பைக் ஓடுகிறேன். கைமாறி வந்தது. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, யாழ்ப்பாணம் டவுனைக் கடந்து, பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறை வரை போய்த் திரும்புவேன். கிழமையில் மூன்று நாள்.

ஒரு மாதமாகப் பின் கியர் சொல்லுக் கேட்பதில்லை. பெரிய பல்லுக்கு ஏற்ற ஒரு கிளிக் தட்டினால் செயின் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கும். இரண்டாவது கிளிக்கில்தான் ஏறும். திருத்துகிற இடத்தில் இரண்டு தரம் கொடுத்துவிட்டேன். எதையோ திருகிச் சரியாக்கித் தருகிறார்கள், மூன்றாம் நாள் பழையபடி. இந்தக் கொம்பனிச் சாமானே இனி வேண்டாம் என்று வெறுத்துப்போய்ப் புதுப் பைக் எடுக்க முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கொழும்பில் பார்த்து வைத்த புது பைக்: அலுமினியம் பிரேம், ஷிமானோக் கொம்பனியின் டியாக்ரா கியர் செட், 10 கியர், முன்னுக்கு 50/34 பல்லு, பின்னுக்கு 11-34 பல்லு, ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக். மற்றது, டொரன்டோவில் இருக்கிற மச்சான் கொஞ்சக் காலம் ஓடிய கார்பன் பைக்: ஸ்ராம் கொம்பனியின் ரைவல் ஏஎக்ஸ்எஸ் கியர் செட், 12 கியர், வயரே கிடையாது, எல்லாம் பற்றரி. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். விலை புதியதை விடக் குறைவு.

எந்தக் கொம்பனியை நம்பலாம்? காசு ஒரு தரம்தான் போடலாம்.

பதில்: சுன்னாகம்

தம்பி, கொம்பனியைக் கதைக்க முதல் ஒரு கேள்வி. கியர் வயரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

திருகினால் சரிவருகிறது, மூன்று நாளில் திரும்பவும் தளர்கிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது வயர் உள்ளுக்குள் நூல் நூலாக அறுந்துகொண்டு வருகிறது என்பதுதான். வெளியில் பார்த்தால் தெரியாது. அறுகிற இடம் லீவருக்குள், வயரின் ஈயத் தலைக்குக் கிட்ட. ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்த இடம்தான் மடிந்து நிமிர்கிறது. பண்ணைப் பாலத்து உப்புக் காற்று மூன்று வருடம் அதில் பட்டிருக்கிறது.

பின் சில்லைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றியபடி ஆகச் சின்னப் பல்லுக்கு இறக்குங்கள். பின்னுக்கு வயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். லீவரின் றப்பரை மடித்துவிட்டு வயரை மெல்ல உள்ளே தள்ளினால் ஈயத் தலை வெளியே வரும். அது வராவிட்டால் குத்திக் கிளறாதீர்கள், கிளிக் தட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். தலை அறுந்து உள்ளே சிக்கினால் ஒரு பின்னேரமே போய்விடும்.

அதோடு பைக்கின் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். செயினைத் தள்ளுகிற கை தொங்குமே, அது பல்லுகளுக்கு நேராக இருக்கிறதா, உள்ளுக்குச் சரிந்திருக்கிறதா? ஒரு தரம் வலப்பக்கம் விழுந்திருந்தாலே அது பூட்டியிருக்கிற துண்டு வளைந்துவிடும். இதைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு புதுப் பைக் கதைப்போம்.

பதில்: வெள்ளவத்தை

நான் ஸ்ராம் ரைவல் ஏஎக்ஸ்எஸ் ஓடுகிறேன், அதைப் பற்றிச் சொல்லலாம்.

ஓடச் சுகம். வலப்பக்க லீவரைத் தட்டினால் கியர் பாரமாகும், இடப்பக்கம் தட்டினால் இலேசாகும், இரண்டையும் சேர்த்துத் தட்டினால் முன் பல்லு மாறும். வயர் இல்லாததால் உங்களுக்கு இப்போது இருக்கிற மாதிரித் தொல்லை வரவே வராது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரிப் பற்றரி. பின்னது வழியில் இறங்கிவிட்டால் முன்னதைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டு வீடு வரலாம்.

இனி மற்றப் பக்கம். இதன் செயின் மேல் விளிம்பு தட்டையானது, வேறு 12 கியர்ச் செயின் இதற்குச் சரிவராது. கசெட்டின், அதாவது பின் சில்லில் இருக்கிற பல்லுத் தொகுதியின், சின்னப் பல்லு 10, அது பூட்டுகிற நடுத்துண்டும் வேறு. அதனால் ஷிமானோக் கசெட்டைத் தற்காலிகத்துக்கும் போட முடியாது. மச்சானிடம் வாங்குவதானால் இரண்டு செயின், ஒரு கசெட், பிறேக் கட்டை இரண்டு சோடி, பிறேக்குக்கு எண்ணெய் ஏற்றும் ஊசி செட் எல்லாவற்றையும் அதே பெட்டிக்குள் வைத்து வரச் சொல்லுங்கள். பற்றரிகளைக் கழற்றிக் கைப்பையில் எடுத்து வரட்டும். தனியாகக் கழற்றிய லித்தியம் பற்றரியைப் பெரிய பெட்டிக்குள் போட விடமாட்டார்கள்.

பிறேக் எண்ணெயில் மட்டும் உங்களுக்கு ஒரு வசதி. ஸ்ராம் ரோட் பிறேக்குக்கு டொட் 4 அல்லது டொட் 5.1 ஊற்றலாம். டொட் 4 மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலேயே கிடைக்கும். டொட் 5 என்பது வேறு, அதை ஊற்றக்கூடாது. ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய். ஒன்றை மற்றதுக்குள் மாறி ஊற்றினால் உள்ளிருக்கிற றப்பரெல்லாம் பழுதாகும். டொட் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டைத் தின்னும், கவனம்.

பதில்: சுன்னாகம்

வெள்ளவத்தைத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் ஏன் தயங்குகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

1990களில் இங்கே பற்றரி வருவதே தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். தம்பி ஒருவர் சுற்றுவார், வீடு முழுக்கச் சுற்றி இருந்து கேட்கும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். அந்தக் காலம் முழுக்க ஊரைக் கொண்டு நடத்தியது சைக்கிள்தான். ஊரில் கிடைக்கிற சாமானால் திருத்தக்கூடியதாக அது இருந்ததால்தான் ஓடியது. 2022இல் பெற்றோல் இல்லாதபோதும் அதையேதான் கண்டேன்.

ஆகவே ஒரு கியர் செட்டைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, ஒரு சாமான் உடைந்தால் எத்தனை நாள் பைக் சும்மா நிற்கும் என்பதுதான்.

அந்தக் கணக்கில் டியாக்ராவிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதன் 4700 வரிசை 10 கியர் என்றாலும், பழைய 10 கியர் ரோட் சாமான்களோடு சேராது. வயரை இழுக்கிற அளவு வேறு. அதற்கு ஒரு படி கீழே உள்ள சோரா, 9 கியர், பழைய கணக்கிலேயே இருக்கிறது. பின் டிரேலியர், அதுதான் செயினைத் தள்ளுகிற கை, உடைந்தால் 9 கியர் மவுண்டன் பைக்கில் இருக்கிற ஷிமானோவைக் கழற்றிப் பூட்டினாலும் வேலை செய்யும். கியர் கூடக் கூடப் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளியும் குறையும். 8இல் 4.8 மில்லிமீட்டர், 10இல் 3.95. மண்ணும் உப்பும் படுகிற இடத்தில் அகலமான இடைவெளி கொஞ்சம் பொறுத்துப் போகும்.

பதில்: பருத்தித்துறை

தம்பி, நான் பெண், கை சின்னன். அதனால் எனக்குக் கொம்பனியை விட லீவர்தான் பெரிய விஷயமாக இருந்தது. ஹைட்ரோலிக் லீவரின் தலை மொத்தமானது. ஷிமானோவில் பிறேக் லீவரையே உள்ளுக்குத் தள்ளித்தான் பெரிய பல்லுக்கு ஏற்ற வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கிற சின்ன லீவரால் இறக்க வேண்டும். ஹாண்டிலின் கீழ் வளைவைப் பிடித்தபடி இரண்டு விரலால் பிறேக் எட்டுகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பாருங்கள். லீவரைக் கிட்டக் கொண்டுவர ஒரு ஸ்குரூவும் இருக்கிறது.

அப்புறம் அந்த 11-34. எங்கள் ஊரில் ஏறுவதற்கு எந்த மலை? பாலங்களின் மேட்டைத் தவிர ஒன்றுமில்லை. எங்களுக்கு மலை என்றால் அது சோளகக் காற்றுத்தான். 11-34 கசெட்டில் சின்னப் பக்கம் 11, 13, 15, 17 என்று இரண்டிரண்டு பல்லாகத் தாண்டும். 12-28 எடுத்தால் 12, 13, 14, 15 என்று ஒவ்வொன்றாக வரும். ஊர்காவற்றுறையில் இருந்து சோளகத்தை முதுகில் வாங்கிக்கொண்டு வரும்போது கால் ஒரு சீராகச் சுற்ற, அந்த ஒரு பல்லு வித்தியாசம் எவ்வளவு உதவி என்று ஓடினால்தான் விளங்கும். எதிர்க்காற்றில் போகும்போது பாவிக்கிற 17, 19, 21, 23 இரண்டிலும் ஒன்றுதான், அதனால் ஒன்றையும் இழக்கமாட்டீர்கள். கடையில் பூட்ட முதலே மாற்றித் தரச் சொல்லுங்கள், செயின் நீளத்தையும் அதற்கேற்ற மாதிரி வெட்டுவார்கள்.

கம்பக்னோலோ என்கிற கியர்க் கொம்பனியை ஒருவரும் சொல்லவில்லை. வடிவான சாமான், ஆனால் இங்கே அதற்குக் கசெட் தேடி அலைய என்னால் ஏலாது.

கோண்டாவில்

சுன்னாகம் அண்ணை, நீங்கள் சொன்னதுதான். நேற்றுப் பின்னேரம் றப்பரை மடித்து, போன் வெளிச்சத்தில் வயரைத் தள்ளினேன். ஈயத் தலைக்கு ஒரு விரற்கடை கீழே நூல்கள் பிரிந்து தென்னந்துடைப்பம் மாதிரி நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் நாலைந்து நூல்தான் மிச்சம். அங்கங்கே செம்மஞ்சளாகக் கறள். செயின் தள்ளுகிற கை நேராகத்தான் இருக்கிறது.

துருப்பிடிக்காத வயரும் புது உறையும் வாங்கிப் போட்டேன். இன்று விடிய மண்டைதீவுச் சந்தி கடந்து போகும்போது ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒவ்வொரு பல்லு. ஒரு மாதமாக அந்தக் கொம்பனியைத் திட்டினது பிழை, என் கவனக்குறைவுதான்.

இனி அவசரமில்லை. மச்சானின் பைக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் விளங்கிக்கொண்டார். வரும்போது செயின் தேய்வு பார்க்கிற அளவுகோல் ஒன்றும் கியர் வயர் நாலும் கொண்டுவருவார். அடுத்த மாதம் கொழும்பு போய் டியாக்ராவையும் சோராவையும் கையில் பிடித்துப் பார்ப்பேன். எது என்றாலும் அக்கா சொன்ன 12-28 மாதிரி நெருங்கின கசெட்தான் கேட்பேன்.

அண்ணை, கடைசியாக ஒன்று. இந்தப் பாலத்து உப்புக்கு வயரை எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் மாற்றலாம்?

பதில்: சுன்னாகம்

வருடத்துக்கு ஒரு தரம், சோளகம் ஓய்ந்து மாரி தொடங்க முதல். ஒவ்வொரு ஓட்டம் முடிந்தும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயினையும் பின் பல்லையும் துடைத்து, காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய். பழைய பைக்கை விற்க நினைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் கேட்டுக்கொண்டு இருக்கிறான்.