எண்ணூர்ப் பறவைகளுக்குப் பழைய 400 மி.மீ. லென்ஸ் ஏற்றதா?

திருவொற்றியூர்வாசி:
எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பறவைகளைப் படமெடுக்க விரும்புகிறேன். புதிய லென்ஸின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், கையால் ஃபோகஸ் செய்யும் கேனானின் பழைய எஃப்டி வகை 400 மி.மீ. எஃப்/4.5 லென்ஸ் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். என்னிடம் இருப்பதும் கேனான் டிஎஸ்எல்ஆர்தான் என்பதால் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் வளையம் போட்டால் போதும் அல்லவா?

ராயபுரத்தான்:
மாட்டிவிடலாம் ஐயா, ஆனால் தொலைவில் நிற்கும் பறவை தெளிவாக விழாது. எஃப்டி லென்ஸ், மவுண்டிலிருந்து, அதாவது கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாயிலிருந்து, 42 மி.மீ. பின்னால் ஃபிலிம் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது; 1987இல் வந்த இஓஎஸ் வரிசையைச் சேர்ந்த உங்கள் டிஎஸ்எல்ஆரிலோ அந்த இடைவெளி 44 மி.மீ. அதன்மேல் அடாப்டரின் தடிமனும் சேர்வதால், சில பத்து மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் கிடைக்காது. பூநாரைகளோ அதைவிட வெகு தூரத்தில்தான் மேயும். இதைச் சரிக்கட்ட உள்ளே சிறு லென்ஸ் வைத்த அடாப்டர்கள் உண்டு என்றாலும், அவை லென்ஸின் கூர்மையைத் தின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், நிக்கான் எஃப் மவுண்டின் இடைவெளி 46.5 மி.மீ. என்பதால் நடுவே அடாப்டருக்கு இடம் இருக்கிறது; ஆகவே கேனானின் சொந்தப் பழைய லென்ஸைவிட நிக்கான் லென்ஸே உங்கள் கேமராவில் ஒழுங்காக வேலை செய்யும். எஃப்டிதான் வேண்டும் என்றால், உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுங்கள். சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ.தான் என்பதால் வெறும் குழாய் போன்ற அடாப்டரே போதும், திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் ஃபோகஸ் செய்யலாம்.

காசிமேட்டுக்காரர்:
எதை வாங்கினாலும், பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் அது விரைவாக வளரும்; பூச்சை அரித்த தடம் துடைத்தாலும் போகாது. வெயில் ஏறியபின் தண்ணீர்மேல் எழும் கானலில் எந்த லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும் என்பதால், விடியற்காலையிலேயே ட்ரைபாடுடன் போய்விடுங்கள்.

திருவொற்றியூர்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் நிக்கானின் ரிஃப்ளெக்ஸ் நிக்கார் 500 மி.மீ. எஃப்/8 லென்ஸ் எப்படி? எடையும் விலையும் குறைவாக இருக்கிறதே.

ராயபுரத்தான்:
அது வளைந்த ஆடிகளில் ஒளியைப் பிரதிபலித்து இயங்கும் லென்ஸ். அபர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையின் அளவை, மாற்ற வழியில்லை; மங்கிய பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகள் வளையங்களாக விழும். கழிமுகத் தண்ணீர் மின்னும் இடமெல்லாம் அந்த வளையங்கள்தான் தெரியும். நிக்கார் 400 மி.மீ. எஃப்/5.6 ஈடி நல்ல நிலையில் கிடைக்கும்வரை காத்திருங்கள்.