மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் உதவ முடியுமா?

என் அண்ணனுக்குச் சென்ற ஆண்டு நியூமோகாக்கஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்ததே பெரிது என்கிறார்கள்; மறுக்கவில்லை. பழைய சம்பவங்களை இன்றும் தேதி தவறாமல் சொல்கிறார். கேள்வி கேட்டால்தான் சிக்கல். பதில் சரியாகவே வருகிறது, ஆனால் நாம் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு வருகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து போய்விடுகிறார். கணக்கு எழுதும்போது பாதியில் நின்று, கூட்டிய வரியையே மறுபடி கூட்டுகிறார். மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறார்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த நோயிலிருந்து மீண்ட பெரியவர்களில் பலருக்குச் சிந்தனை வேகம் குறைவது மருத்துவ உலகம் அறிந்ததுதான். அது ஸ்கேனில் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. (செவித்திறனும் குறையலாம் என்பதால் அதையும் பரிசோதித்துவிட்டோம். பாதிப்பில்லை.)

நினைவு, கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றை அளக்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேலைக்குத் திரும்பும்போது நேரத்தைக் குறைத்துக் கேட்க அந்த அறிக்கை உதவியதா? வேகம் திரும்ப எவ்வளவு காலம் ஆனது? திரும்பாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

“எல்லாம் மனக்கவலைதான், நடைப்பயிற்சி போகச் சொல்லுங்கள்” என்ற ஆலோசனை ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்துவிட்டது. அது மட்டும் வேண்டாம்.