தனியாளுக்கு உதவிய கொப்பி எட்டுப் பேருக்குப் போதுமா?

உவர்மலைத் தையலகம்:
வணக்கம். திருகோணமலை உவர்மலையில் தையலகம் நடத்துகிறேன். ஒரே இயந்திரத்தோடு தனியாக இருந்த காலத்தில், மறுநாள் வேலைகளை இரவே கொப்பியில் எழுதிவைத்து, கடினமானதைக் காலையில் முதலில் முடிப்பேன். 25 நிமிடம் தொலைபேசியைத் தொடாமல் தைத்து, 5 நிமிடம் எழுந்து நடக்கும் முறையும் எனக்கு மிகவும் கைகொடுத்தது.

இப்போது என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் திரைச்சீலைகளும் படுக்கை விரிப்புகளும் வருகின்றன. கல்வியாண்டு தொடங்குமுன், அரசாங்கம் பிள்ளைகளுக்கு வழங்கும் சீருடைத் துணி வீடு வீடாக வந்து குவிகிறது. "அக்கா, இதற்கு எந்த நூல்?" என்று யாராவது கேட்காமல் 10 நிமிடம்கூடக் கழிவதில்லை. சென்ற மாதம் ஒரே ஓடரை இருவர் வெட்டிவிட்டார்கள், ஏனெனில் அது என் கொப்பியில் மட்டுமே இருந்தது. நல்லதொரு செயலி வாங்கினால் இது தீருமா, அல்லது என் முறையையே மாற்ற வேண்டுமா?

நிலாவெளி விடுதி:
செயலி வாங்கி ஒரு பருவம் முழுவதும் முயன்றேன். என்னைத் தவிர எவரும் அதைத் திறக்கவில்லை. இப்போது சமையலறை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது, எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவைப் பதிவேடாக நம்பாதீர்கள். காலையில் இட்ட செய்தி மதியத்துக்குள் மேலே போய் மறைந்துவிடும்.

கிண்ணியாத் தளபாடப் பட்டறை:
சகோதரி, உங்கள் முறையில் பிழையில்லை. அது ஒருவருடைய கவனத்தைக் காப்பதற்கான முறை. இருவர் வேலை செய்தால் பேச்சுத் தொடர்பு ஒன்றுதான், எட்டுப் பேரென்றால் 28 சோடிகள் உண்டாகின்றன. அவை எல்லாம் உங்கள் ஒருவர் வழியாகவே போனால் நீங்கள்தான் அடைப்பாகிவிடுவீர்கள்.

டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பான் முறையில் ஓர் அட்டை வேலையோடு சேர்ந்தே நகரும், அட்டை வராமல் முந்திய கட்டம் புதிதாக எதையும் செய்யாது. நீங்களும் ஒவ்வொரு துணிக் கட்டிலும் அளவு, நூல் நிறம், கொடுக்கும் நாள் எழுதிய அட்டையைக் குத்திவிட்டால், கேள்வி உங்களிடம் வராமல் அட்டையிடம் போகும், ஒரே துணி இரு தடவை வெட்டப்படவும் மாட்டாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு விதியின்படி, கையிலுள்ள ஓடர்களின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் ஓடர் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கும் என்பது தெரியும்: 24 ஓடர்கள் கையிலிருந்து நாளுக்கு 4 முடிந்தால் 6 நாள். வேகம் கூடாமல் ஓடர் மட்டும் கூடினால் காத்திருப்புத்தான் நீளும். எங்கள் பட்டறையில் மெருகிடுவதற்கு மூன்று அலுமாரிகள் காத்திருந்தால் நான்காவதற்கு மரம் அறுப்பதில்லை. முதல் வாரம் அறுப்பவர் சும்மா நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிறகு அவரே உப்புத்தாள் தேய்க்கப் போனார், பாதியில் கிடந்த அலுமாரிகள் குறைந்தன.

உப்புவெளிக் கணக்காளர்:
தம்பி சொன்ன விதி நீண்டகாலச் சராசரிக்கே பொருந்தும். விடுதிக்காரர் திடீரென்று நாற்பது விரிப்புக் கேட்கும் வாரத்தில் அதை அப்படியே நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள் மகள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். அத்துடன், நூலும் பொத்தானும் வாங்குவதை மூத்த தையற்காரியிடம் முழுமையாக ஒப்படையுங்கள்; விலையும் வாக்குக் கொடுப்பதும் மட்டும் உங்களிடம் இருக்கட்டும். அந்தக் கொப்பியைக் கைவிட வேண்டாம், அதில் இனி உங்களுடைய சொந்த வேலைகளை மட்டும் எழுதுங்கள்.

உவர்மலைத் தையலகம்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை எண்ணிப் பார்த்தேன்: கையில் 31 ஓடர்கள், நாளுக்கு முடிவது 5, அதாவது ஆறு நாளுக்கு மேல். நானோ எல்லோரிடமும் நான்கு நாளில் தருவதாகச் சொல்லிவந்திருக்கிறேன். பிள்ளைகள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்று அவர்களைக் கடிந்துகொண்டதை நினைக்க வேதனையாக இருக்கிறது. நாளை காலை அவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, அட்டைகளை வெட்டத் தொடங்குகிறோம். புதிய ஓடர்களுக்கு எட்டு நாள் தவணை.